இதை யார் தொட்டது?

மனிதர்களில் ஒரு வகை உண்டு. ஒரு பொருள் கெட்டுப்போனால் ஏன் கெட்டது என்று பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், எப்படிச் சரி செய்யலாம் என்று பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், கெட்டால் கெடட்டும் என்று தன் வேலையைப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்த வகை இதில் எதிலும் சேராது. இவர்களுக்குக் கெட்டுப்போன பொருளைப் பற்றி அவ்வளவாகக் கவலை இல்லை. இடுப்பில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, அறையில் இருக்கும் ஒவ்வொரு முகத்தையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிதானமாக ஒருமுறை பார்த்துவிட்டு, "இதை யார் தொட்டது?" என்பார்கள்.

உங்களுக்கும் ஒருவரைத் தெரியும். தெரியாது என்று சொல்லாதீர்கள். சுவர்க் கடிகாரம் நின்றுபோகும். பாட்டரி தீர்ந்திருக்கும், வேறென்ன? புது பாட்டரி மேஜை இழுப்பறையிலேயே இருக்கும். ஆனால் இழுப்பறைக்குப் போகிற வழியில் விசாரணை ஒன்று இருக்கிறதே, அது முடிய வேண்டாமா? அலுவலகத்தில் நகல் எடுக்கும் இயந்திரம் காகிதத்தைப் பாதி விழுங்கிவிட்டு மீதியை நாக்கு மாதிரி வெளியே தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும். பின்னால் வரிசையில் ஆட்கள் கால் மாற்றி நின்றுகொண்டிருப்பார்கள். இவர் மட்டும் இயந்திரத்துக்கு முதுகைக் காட்டியபடி, கடைசியாக யார் எடுத்தது, அதற்கு முந்தி யார், அவர் எந்தப் பக்கமாகக் காகிதத்தை வைத்தார் என்று கேட்டுக்கொண்டிருப்பார். காகிதம் தொங்கியபடியே இருக்கும்.

இந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரே ஒரு பதில்தான் உண்டு. "நான் தொடலையே." இந்த வகையினர் குடும்பத் தலைவராக இருக்கும் வீடுகளில் குழந்தை முதலில் "அம்மா" என்று சொல்லும், அடுத்ததாக "நான் இல்ல" என்று சொல்லும். "அப்பா" அதற்கப்புறம்தான் வரும்.

நான் பார்த்தவர்களில் இந்த வகைக்கு மிகச் சிறந்த மாதிரி ஒரு நாடகக் குழுவின் ஒளியமைப்பாளர். தொழிலில் கெட்டிக்காரர், அதை மறைப்பது பாவம். விடியற்காலை என்றால் அரங்கில் இருப்பவர்களுக்குக் கொட்டாவி வரும், மழை என்றால் தோளைக் குறுக்கிக்கொள்வார்கள், அப்படி விளக்குப் போடுவார். எல்லாவற்றையும் முதலில் மடிக்கணினியில் ஒரு மென்பொருளில் வரைந்துவிடுவார். மேடை, நாற்காலி, கதவு, எந்த விளக்கு எங்கே தொங்கும், எந்தக் கோணத்தில் விழும், எல்லாம் அதில் இருக்கும். சாப்பாட்டு மேஜையில் அதை விரித்து வைத்திருக்கும் நாட்களில் அவருடைய மனைவி தட்டை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் சாப்பிடுவார். ஒருநாள் மேஜையைத் துடைக்கப்போய் மேடையின் இடது பக்க விளக்குகள் முழுக்க வலது பக்கம் போய்விட்டன என்று ஒரு குற்றச்சாட்டு எழுந்து, அதிலிருந்து அந்த மேஜை துடைக்கப்படுவதே இல்லை.

மனைவியும் அதே குழுவில் நடிப்பவர்தான். நடிப்பவர் என்றால், தட்டோடு வருவார். எந்த நாடகமானாலும் பெரியவர்கள் உட்கார்ந்து பேசும் காட்சியில் குடிக்க ஏதாவது கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறவர் அவர். சில நாடகங்களில் காலி டம்ளரை எடுத்துப் போகவும் வருவார். குழுவின் இயக்குநர் அவருடைய கூடப்பிறந்த அண்ணன். அண்ணனாக இருந்தும் இவ்வளவு காலம் தட்டுக்கு மேல் எதுவும் தரவில்லை. அப்படிப்பட்டவர் இந்த முறை மனம் இரங்கி, நாடகத்தின் கடைசிக் காட்சியைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டார். வீட்டை விற்றுவிட்டு எல்லோரும் போன பிறகு, ஒரு பெண் ஒரு நாற்காலியில் தனியாக உட்கார்ந்து பேசுகிறாள். மேடை முழுக்க இருட்டு. அவள் முகத்தில் மட்டும் ஒரு விளக்கு. அவ்வளவுதான் காட்சி. அந்த அம்மாள் அந்த வசனத்தைப் பாத்திரம் கழுவும்போது சொன்னார், பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்து உதட்டசைவில் சொன்னார், துணி மடிக்கும்போது ஒரு சட்டையைப் பார்த்துச் சொல்லி அழுதே விட்டார்.

நாடகம் அரங்கேறும் நாள். சாயங்காலம் ஒரு கடைசி ஒத்திகை. அந்த அம்மாள் ஒப்பனையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். அரங்கின் பின்கோடியில் மடிக்கணினியை இயக்க உட்கார்ந்திருந்த உதவியாளர், அவர் முகத்துக்கான ஏழாம் எண் விளக்கை மெல்ல ஏற்றினார். மேடையின் ஓரத்தில் இருந்த ஒரு மர அலமாரி மெல்ல, மிக அழகாக, ஒளிபெற்றது.

இங்கே ஒரு நிமிஷம். விளக்கு வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மேடை விளக்குகளை ஏற்றி இறக்குவதற்கு டிம்மர் என்று ஒரு சாதனம். பன்னிரண்டு டிம்மர்கள் ஒரு பெட்டியில் தெருவில் வீடுகள் மாதிரி வரிசையாக இருக்கும். ஏழாம் வீட்டுக்கு வெளிச்சம் வேண்டும் என்று கணினியில் சொன்னால் ஏழாம் விளக்கு எரியும். முதல் வீட்டின் எண் என்ன என்பதைப் பெட்டியின் முகப்பில் ஒரு பொத்தானை அழுத்தி வைத்துவிட வேண்டும். ஒன்று என்று இருக்க வேண்டியது அன்றைக்கு இரண்டு என்று இருந்தது. முதல் வீடே இரண்டு என்றால், ஏழு என்று எழுதிய கடிதம் ஆறாம் வீட்டில்தானே விழும்? ஆறில்தான் அலமாரி. இதைச் சரிசெய்ய இரண்டு வழி. பெட்டியில் இரண்டை ஒன்றாக்கலாம். அல்லது பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, கணினியில் எல்லா எண்களிலும் ஒன்றைக் கூட்டிவிடலாம். எதைச் செய்தாலும் கொட்டாவி விடும் நேரத்தில் முடிகிற வேலை.

ஒளியமைப்பாளர் அரங்கின் நடுவில் வந்து நின்றார். கைகள் இடுப்புக்குப் போயின.

"இதை யார் தொட்டது?"

அங்கே இருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வேறு வேலை ஞாபகம் வந்தது. மேடையின் பக்கவாட்டில், கறுப்புத் திரைக்குப் பின்னால், டிம்மர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு எலக்ட்ரீஷியன் இருந்தார். கனத்த ஆள், பெரிய மீசை, பேரப்பிள்ளை எடுத்தவர். மேடைக்கு மேலே விளக்குகள் தொங்கும் எந்த உயரத்துக்கும் அஞ்சாமல் ஏறுவார். அவர் "நான் தொடலைங்க" என்றார். பின்கோடியில் மடிக்கணினியை இயக்குபவர் பகலில் பல் டாக்டர், சாயங்காலத்தில் ஆசைக்கு விளக்குப் போடுபவர். அவரும் "நான் எதையும் தொடல சார்" என்றார். இத்தனை வருஷத் தொழிலில் அந்த டாக்டர் வாயைத் திறந்து காட்டும் யாரிடமும் 'இந்தப் பல்லை யார் தொட்டது?' என்று கேட்டதில்லை. எங்கே வலிக்கிறது என்றுதான் கேட்பார். ஆனால் அந்த அரங்கில் அவரும் நோயாளிதான்.

"யாரும் தொடாம எப்படிங்க மாறும்? காத்தா வந்து மாத்துச்சு? நேத்து ராத்திரி பூட்டிட்டுப் போனது யாரு? இன்னைக்குத் திறந்தது யாரு? நான் இப்ப யாரையும் திட்டப் போறதில்ல. தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்."

திட்டப் போவதில்லை என்று சொல்லிவிட்டு அவர் திட்டாமல் இருந்ததாக அந்தக் குழுவில் யாருக்கும் நினைவில்லை.

அவர் இப்படி மேடைக்கும் அரங்குக்கும் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தபோது, திரைக்குப் பின்னால் எலக்ட்ரீஷியன் குனிந்து பெட்டியைப் பார்த்தார். இரண்டு. சத்தமில்லாமல் பொத்தானை அழுத்தி ஒன்று ஆக்கினார். சொல்லலாம்தான். சொன்னால், 'அப்ப நீதான் தொட்டிருக்கே' என்று ஆகிவிடுமே? பேசாமல் மீசையை நீவிக்கொண்டார்.

அதே நேரத்தில் பின்கோடியில் பல் டாக்டரும் யோசித்தார். ஏழு கேட்டால் ஆறு எரிகிறது, சரி. நைசாக எல்லா எண்களிலும் ஒன்றைக் கூட்டினார். ஏழு எட்டாயிற்று. சொல்லலாம்தான். அவரும் சொல்லவில்லை.

இரண்டு பேரும் செய்தது சரி. இரண்டு பேரில் யாராவது ஒருவர் மட்டும் செய்திருந்தால் அன்றைக்கு நாடகத்துக்கு முன்னால் எல்லோரும் ஒரு வாய் டீ குடித்திருக்கலாம்.

"மறுபடி ஏத்துங்க."

ஏற்றினார். நாற்காலிக்கு இந்தப் பக்கம் அலமாரி இருட்டில் இருந்தது. அந்தப் பக்கம், எட்டாம் விளக்கில், வாசல் கதவு சுடர்விட்டது. நடுவில் நாற்காலியில் அந்த அம்மாள் இருந்த இடத்திலிருந்து ஒரு பெருமூச்சு மட்டும் கேட்டது.

"பார்த்தீங்களா! இப்ப, என் கண்ணு முன்னாடியே, யாரோ தொட்டிருக்காங்க!"

இது உண்மைதான். அதனால்தான் கேட்டவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. எலக்ட்ரீஷியன் பயந்துபோய், சும்மா இருந்ததைத் தொட்டுக் கெடுத்துவிட்டோமே என்று மறுபடி குனிந்து ஒன்றை இரண்டாக்கினார். பல் டாக்டருக்கும் அதே நினைப்பு, அதே பயம். எட்டை ஏழாக்கினார். விளக்கு மறுபடி அலமாரிக்குப் போயிற்று. குறுகலான நடையில் எதிரெதிரே வருகிற இரண்டு பேர், வழிவிடுகிறேன் என்று ஒரே பக்கம் ஒதுங்கி, மறுபடி ஒரே பக்கம் ஒதுங்குவார்களே, அதேதான். என்ன, இங்கே அந்த இருவருக்கும் எதிரில் ஆள் வருவதே தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவர் நடுவில் நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒன்றைக் கவனியுங்கள். இத்தனை அமளியில் ஒளியமைப்பாளர் மடிக்கணினிப் பக்கம் போகவில்லை, பெட்டிப் பக்கமும் போகவில்லை. போயிருந்தால் பார்த்ததும் புரிந்திருக்கும், அவ்வளவு விஷயம் தெரிந்தவர். ஆனால் அவருடைய மனம் முழுக்க வேறொரு பெரிய வேலையில் இருந்தது. நேற்று இருமியபடி வெளியே போனவர் யார், வேஷம் போடும் ஆட்களில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர் யார், சம்பந்தமே இல்லாமல் சிரித்தது யார் என்று மனத்துக்குள் ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். உள்ளூர அவருக்கு வருத்தமும் இருந்தது. இவ்வளவு பாடுபட்டு வரைந்து கொடுத்ததை ஒருவன் தொட்டுவிட்டு வாய் திறக்காமல் நிற்கிறானே என்ற வருத்தம். அது பொய் வருத்தம் இல்லை.

இயக்குநர் மேடை ஓரத்தில் வந்து குந்தினார்.

"மாப்பிள்ளை, வெளியில ஆளுங்க வர ஆரம்பிச்சாச்சு. கதவைத் திறக்கணும்."

"திறங்க மச்சான். ஆனா இதுல ஒரு முடிவு தெரியாம நான் விடமாட்டேன்."

"முடிவுதான் நானும் சொல்ல வந்தேன். கடைசி சீனை எடுத்துடலாம்."

"ஏன்? பொது விளக்கைப் போட்டுக்கலாமே?"

"போட்டா பின்னால சாமான் தூக்குற ஆளுங்க எல்லாம் தெரிவாங்க. அந்தப் பேச்சு நடக்கிறப்பதானே இருட்டுல வீட்டு செட்டையே காலி பண்றோம்? எடுத்துடலாம் மாப்பிள்ளை. வீட்டை வித்தாச்சு, எல்லாரும் போயாச்சு, திரையைப் போட்டுடலாம். அலமாரியப் பார்த்துட்டு ஜனங்க வீட்டுக்குப் போக வேண்டாம்."

இதைத் தங்கையைப் பார்க்காமல் சொன்னார். பார்த்திருந்தால் சொல்லியிருக்க முடியாது. இருட்டில் அந்த அம்மாள் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தார். அடுத்த நாடகத்தில் தனக்கு என்ன கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். தட்டு கிடைக்கும்.

ஒளியமைப்பாளர் மச்சானுக்குப் பதில் சொல்லத் திரும்பினார். ஆனால் வாய் பழக்கத்தை விடவில்லை.

"எடுக்கிறதோ வைக்கிறதோ உங்க இஷ்டம் மச்சான். கடைசியா ஒரு தடவை கேக்கறேன். யார் தொட்டது?"

திரைக்குப் பின்னால் ஒரு கை மறுபடி பொத்தானுக்குப் போய் ஒன்று ஆக்கியது. பின்கோடியில் ஒரு விரல் மறுபடி ஒன்றைக் கூட்டியது. வாசல் கதவு மீண்டும் ஜொலித்தது.

"நான்தான் தொட்டேன்."

நாற்காலியிலிருந்து வந்தது குரல்.

அரங்கமே திரும்பிப் பார்த்தது. ஒளியமைப்பாளர் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கோபம் இல்லை. வயிற்றில் பால் வார்த்தது போல ஒரு நிம்மதி. தோள்கள் இறங்கின. இடுப்பிலிருந்து கைகள் இறங்கின.

"நீயா?"

"ஆமாங்க. உடை மாத்தப் போறப்ப அந்தப் பெட்டில கை பட்டுடுச்சு."

"அதானே பார்த்தேன்! வேற யாரு தொடுவா? வீட்டுலயும் இதேதானே? நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன், தெரியாத பொருள்கிட்ட போகாதேன்னு? போறதுதான் போறே, கை பட்டுச்சுன்னா வந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? சொன்னா நான் என்ன, கடிச்சா தின்னுடுவேன்? இத்தனை பேரை நான் சந்தேகப்பட்டு..."

அவர் இந்த ரீதியில் சுகமாகப் போய்க்கொண்டிருந்தார். ஒரு ஆள் அகப்பட்டுவிட்டது என்று தெரிந்ததும் மற்றவர்களுக்கு மூச்சு வந்தது. எலக்ட்ரீஷியன் திரையை விலக்கிக்கொண்டு தலையை நீட்டினார்.

"அம்மா கைதான் பட்டுச்சா? அப்ப சரி. நான் அதைப் பார்த்து ஒண்ணுக்கு மாத்திட்டேங்க. இப்ப ஒண்ணுலதான் இருக்கு."

பின்கோடியில் நாற்காலி உருளும் சத்தம்.

"மாத்திட்டீங்களா? அட, நான் இங்க ஒண்ணு கூட்டியில்ல வச்சிருக்கேன்! நீங்க கையை எடுங்க, பெட்டியத் தொடாதீங்க. நான் குறைக்கிறேன்."

குறைத்தார். வாசல் கதவு அணைந்தது. நாற்காலியில் இருந்த முகம் மெல்ல வெளிச்சத்துக்கு வந்தது. கண்ணில் மை கொஞ்சம் கரைந்திருந்தது.

ஒளியமைப்பாளர் அதைக் கவனிக்கவில்லை. தெரியாத பொருள்கிட்ட போவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

நாடகம் நடந்தது. கடைசிக் காட்சியும் நடந்தது. அது நடந்த நேரம் முழுக்க அவர் திரைக்குப் பின்னால், மேடைக்கு முதுகைக் காட்டி, டிம்மர் பெட்டியின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு காவல் நின்றார். எலக்ட்ரீஷியனைக்கூட இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார். மனைவியின் குரல் முதுகுப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. அவருடைய கண் பெட்டி முகப்பில் எரிந்த 'ஒன்று' என்ற சின்னச் சிவப்பு எண்ணை விட்டு அசையவில்லை. காட்சி முடிந்ததும் அரங்கில் கைதட்டல், ஓயவே ஓயாத கைதட்டல். எலக்ட்ரீஷியன் மூக்கை உறிஞ்சி மீசையைத் துடைத்துக்கொண்டார். இவர் பெட்டியை ஒரு தட்டுத் தட்டிக்கொடுத்தார்.

வாசலில் பார்த்தவர்களிடமெல்லாம் விஷயத்தைச் சொன்னார். "பெரிய கண்டம் சார் இன்னைக்கு. வீட்டுக்காரி பெட்டியத் தொட்டுட்டா. எப்படியோ விசாரிச்சுக் கண்டுபிடிச்சேன்."

ஒப்பனை அறையில் அந்த அம்மாள் பஞ்சால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். யார் யாரோ வந்து கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். அண்ணன் வந்து தங்கையின் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். கடைசியில் கணவர் வந்தார். அந்த அம்மாள் பஞ்சைக் கீழே வைத்தார். கண்ணாடி வழியாக அவரையே பார்த்தார். இவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது அவருக்கு.

"எப்படிங்க இருந்துச்சு?"

"ஏழு கடைசி வரைக்கும் கொஞ்சம்கூட ஆடல, பார்த்தியா?"

அந்த அம்மாளுக்கு மனசு விட்டுப்போயிற்று. பிறகு சொன்னார்:

"நான் அந்தப் பெட்டியத் தொடவே இல்லைங்க. சும்மா சொன்னேன்."

"என்னது?"

"யார்னு தெரியற வரைக்கும் நீங்க நிறுத்த மாட்டீங்க. நீங்க நிறுத்தாம அவங்க ரெண்டு பேரும் வாயத் திறக்க மாட்டாங்க. என் சீன் போயிடும். அதான் சொன்னேன்."

ஒளியமைப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தைத் தடவிக்கொண்டார். ஏதோ ஒன்று அவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, கண்ணில் தெரிந்தது. மனைவியின் கையைப் பிடிக்கப் போகிறார் என்றுதான் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தோன்றியது. கை நீண்டது. நீண்ட கை பாதி வழியில் நின்று, மேஜையில் ஊன்றி, ஆளை எழுப்பி நிறுத்தியது.

"அப்ப யாரு?"

கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். நடையில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும் குரல் கேட்டது.

அவரை விடுங்கள். அந்த வகை அப்படித்தான். நீங்கள் அப்படியில்லை, எனக்குத் தெரியும். நீங்கள் நிதானமானவர், எது எங்கே கெட்டது என்று மட்டும் பார்ப்பவர், இந்தக் கட்டுரை முழுக்கத் தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டே வந்தவர். ஆனால் ஒன்று மட்டும் உங்கள் மனத்தில் அரித்துக்கொண்டிருக்கிறது, இல்லையா? அந்தப் பெட்டியில் ஒன்றை இரண்டாக்கிய ஆள் யார்? முந்தின நாள் அரங்கை வாடகைக்கு எடுத்தவர்களா? பெட்டியை வண்டியில் ஏற்றி வந்தவர்களா? மீசைக்காரர் மேல் உங்களுக்கு முதலிலிருந்தே ஒரு சந்தேகமா? மச்சான்மேலா?

எனக்குத் தெரியாது. நானும் விசாரிக்கவில்லை.

அந்த அம்மாள் எப்படி நடித்தார் என்று நீங்கள் கேட்பீர்கள் என்று இவ்வளவு நேரம் காத்திருந்தேன். பிரமாதமாக நடித்தார்.